தியோடர் வாத்தியாரின் மீன்

ரிச்சர்ட்ஸ் டவுன் தியோடர் வாத்தியார் 1937இல் மனோதத்துவப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கிப் படித்தார். அன்றிலிருந்து வேதாகமத்தில் அவருக்குப் புரியாத இடமே இல்லாமல் போயிற்று. சனிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் யோனாவை எடுத்துக்கொண்டார். கடவுள் நினிவேக்குப் போகச் சொல்ல, வேறு பக்கம் கப்பலேறி ஓடி, கடலில் வீசப்பட்டு, மீன் வயிற்றில் மூன்று நாள் கிடந்த யோனா.

"மீனுன்னு ஒண்ணும் கெடையாது. அது நம்ம மனசு. செய்ய வேண்டியதைச் செய்யாம ஓடுறவன் அதுக்குள்ளயே போய் இருட்டுல உக்காந்துக்குறான்" என்றார். போதகர் இருமினார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஜூடித் கேட்டாள்: "நாளைக்கு நற்கருணை. எடுக்கிறீங்களா?"

தியோடர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்பாவின் ஹார்மோனியத்தை அவர் வைத்துக்கொண்டதில் அண்ணன் ஓஸ்வால்டோடு பேச்சுவார்த்தை கிடையாது. மனஸ்தாபத்தோடு நற்கருணை அப்பமும் திராட்சரசமும் எடுக்கக் கூடாது என்பது சபை வழக்கம். எனவே அந்த நேரத்தில் அவர் கோயில் வாசலில் நின்று மரங்களைப் பார்ப்பார். அண்ணன் வீடு பிரேசர் டவுனில், பத்து நிமிஷ நடை.

"நீங்க பேசினது நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் ஜூடித். "ஆனா அந்த மீன் மூணே நாள்ல கக்கிடுச்சு. உங்களுக்கு மூணு வருஷம் ஆகுது."

தியோடர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். இதற்கு அதில் ஒன்றும் இல்லை. கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டார்.

யோனா நினிவேக்கு வெறுங்கையோடு போனார். தியோடர் ஹார்மோனியத்துக்காக ஜட்கா வண்டி பிடிக்க வேண்டியிருந்தது.