பதினொரு டிக்

எங்கள் பகுதி நூலகத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மஞ்சள் தாள் ஒன்று கொடுப்பார்கள். பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் என்னென்ன நிகழ்ச்சிகள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று அதில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். எது வேண்டுமோ அதில் டிக் போட்டுக் கொடுத்தால் இடம் ஒதுக்கிவிடுவார்கள். எல்லாமே இலவசம்.

பதினொரு கட்டம் இருந்தது. நான் பதினொரு டிக் போட்டேன்.

படித்துப் பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள். இலவசம் என்று மேலே பெரிதாகப் போட்டிருந்ததைப் படித்தேன். அதற்குக் கீழே படிக்க என்ன இருக்கிறது? தாளின் நகலைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, குடும்பத்துக்காக உழைத்த திருப்தியோடு அன்று நன்றாகத் தூங்கினேன். ஒரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், மகள் நூலகத்திலிருந்து திரும்பி வந்து பையைச் சோபாவில் போட்டாள்.

"நம்ம அட்டையைப் பூட்டிட்டாங்களாம்."

"எந்த அட்டை?"

"நூலக அட்டை. மூணு பேருக்கும் சேர்த்து ஒண்ணுதானே இருக்கு. நிகழ்ச்சிக்குப் பதிஞ்சுட்டு மூணு தடவை போகலையாம். இனி மூணு மாசத்துக்கு எதுலயும் சேர முடியாதாம்."

"நாம எங்கே பதிஞ்சோம்? வேற யாராவதா இருக்கும்."

என் மனைவி எழுந்து போய், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து மஞ்சள் தாளை உரித்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். அவள் பல் மருத்துவமனையில் வேலை செய்கிறவள். வாயைத் திறந்ததும் உள்ளே எது சொத்தை என்று கண்டுபிடித்துவிடுவாள். என் வாயில் அவளுக்கு இருபது வருட அனுபவம்.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமே வராமல் சாத்தினாள். சத்தத்தைப் பற்றி எல்லாம் தெரிந்த பெண் அப்படிச் சாத்தினால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு.

விஷயம் இதுதான். அவளுக்குச் சத்தங்கள் என்றால் உயிர். தட்டில் பட்டாணியை உருட்டி மழை என்பாள். பிளாஸ்டிக் பையைக் கசக்கி நெருப்பு என்பாள். எல்லாவற்றையும் ஃபோனில் பதிவு செய்து வைப்பாள். நூலகத்தின் மாடியில் வானொலி நாடகப் பயிற்சி நடக்கும். ஆறு சனிக்கிழமை, பன்னிரண்டே பேர். போன வருடம் இவளுக்குப் பன்னிரண்டு வயது, சேர்த்துக்கொள்ளவில்லை. பதின்மூன்று ஆனதைக் கொண்டாடியதே அதற்காகத்தான். இது மஞ்சள் தாளில் வராது; இந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் போய்ப் பதிய வேண்டும். பூட்டிய அட்டையோடு போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

நான் உடனே நூலகத்துக்கு ஓடினேன். கவுன்ட்டரில் இருக்கும் அம்மாவுக்கு முத்திரை அக்கா என்று பிள்ளைகள் பெயர் வைத்திருக்கிறார்கள். எதைக் கொடுத்தாலும் ஒரு குத்துக் குத்துவார்.

"தெரியாம பண்ணிட்டேம்மா."

"பதினொண்ணையும் தெரியாமலா?"

"பிள்ளை பாவம்மா."

"நீங்க வராத நாள்ல ஒரு இடம் சும்மா கிடந்துச்சு சார். அதுக்காக வெளியில ஆள் நின்னுச்சு. அவங்களும் பாவம்தான்." அவர் திரையைப் பார்த்தார். "ஒரு வழி இருக்கு. நீங்க பதிஞ்சதுல அடுத்து வர்ற மூணுக்கும் விடாம வந்தா பூட்டு தானா திறந்துடும். அட்டையில இருக்கிற யார் வேணா வரலாம். மூணாவது வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடியுது. சனிக்கிழமைக்குச் சரியா இருக்கும்."

"முதல்ல எது?"

"நாளைக்குக் காலையில பதினோரு மணி. தவழும் குழந்தைகளுக்குத் தாளம்."

"எங்க வீட்ல தவழுறவங்க யாரும் இல்லையே."

"டிக் போடும்போது இருந்தாங்களா?"

நான் கவுன்ட்டரில் கிடந்த பேனாவை நேராக வைத்தேன்.

"பொம்மை தருவோம். வாங்க."

மகளுக்குப் பள்ளிக்கூடம். மனைவியிடம் கேட்டேன். "நாளைக்கு எனக்கு ஒன்பது கடைவாய்ப் பல் இருக்குங்க. நீங்க போட்ட டிக், நீங்களே தவழ்ந்துக்கங்க" என்றாள்.

மறுநாள் காலை, பதினைந்து வருடமாக லிஃப்ட் ரிப்பேர் செய்கிற நான், எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையோடு, எட்டுத் தாய்மார்கள் நடுவே, ஒரு துணி முயலை மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன். முயலின் கையைப் பிடித்துத் தட்ட வேண்டும். தட்டினேன். பக்கத்தில் இருந்த இளம் தாய் ஸ்நேகமாகச் சிரித்தாள்.

"முதல் தடவையா சார்?"

"ஆமாம்மா."

"எனக்கும். ரெண்டு வாரமா வந்து வந்து திரும்பிப் போனேன். இடம் இல்லைன்னுட்டாங்க. யாரோ ஒருத்தர் பதிஞ்சுட்டு வரவே இல்லையாம். இன்னிக்கு மட்டும் வேற ஒருத்தர் வரமாட்டேன்னு முன்னாடியே சொன்னதால உள்ளே விட்டாங்க."

"இப்படியும் மனுஷங்க இருக்காங்க பாருங்க" என்றேன் நான். முயலும் தலையாட்டியது. நான்தான் ஆட்டினேன்.

அப்போது முத்திரை அக்கா கதவைத் திறந்து தலையை நீட்டினார். "பதினொரு டிக் சார் வந்தாச்சா? ரெண்டு வாரம் தாளத்துக்கு வரலை, ஒரு வாரம் களிமண்ணுக்கு வரலை. இன்னிக்கு வந்தது ஒண்ணு. குறிச்சுக்கிறேன்."

இளம் தாய் என்னைப் பார்த்தாள். பிறகு முயலைப் பார்த்தாள்.

"தலையை நிமிர்த்திப் பிடிங்க சார். ரெண்டு வாரப் பாடம் பாக்கி இருக்குல்ல" என்றாள்.

நடுவில் மேற்பார்வையாளர் ஃபோன் செய்தார். ஏழாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது, எங்கே இருக்கிறாய் என்றார். முக்கியமான குடும்ப வேலை என்றேன். எனக்குப் பின்னால் எட்டுத் தாய்மார்கள் வாத்து போலக் கத்தினார்கள். உன் குடும்பம் பெரிசுதான் என்று வைத்துவிட்டார்.

இரண்டாவது, புதன்கிழமை சாயங்காலம், பதின்வயதினரும் குடும்பத்தினரும் ஆடும் நடனம். குடும்பத்தினர் என்று வந்தது நான் ஒருவன்தான். மகள் வர மறுத்துவிட்டாள். அவள் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் முன்வரிசையில் நிற்பார்களாம். நான் பின்வரிசையில் நின்றேன். எல்லாரும் இடது பக்கம் போனால் நான் வலது பக்கம் போனேன். உட்கார்ந்து எழும்போது என் முட்டி போட்ட சத்தத்தில் பாட்டை நிறுத்திவிட்டு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆடக் கற்றுக்கொடுத்த பெண் மட்டும், "பின்வரிசை அண்ணன் தப்பா ஆடினாலும் நிக்காம ஆடுறார், பாருங்க" என்றாள். கிண்டலா பாராட்டா என்று வீடு வரும்வரை யோசித்தேன். பாராட்டு என்று முடிவு செய்துகொண்டேன். கேட்க யாரும் இல்லாதபோது முடிவெடுப்பது சுலபம்.

மூன்றாவதுதான் கழுத்தைப் பிடித்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம். தலைப்பு, பெற்றோரும் பிள்ளைகளும் சண்டை போடாமல் பேசுவது எப்படி. இதற்கு மட்டும் இரண்டு பேரும் வர வேண்டும். ஐந்து நாளாக என்னோடு பேசாத மகள் என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள்.

பயிற்சி கொடுப்பவர் இதமான குரல்காரர். "ஒரே ஒரு வேலைதான். பிள்ளை ஒரு நிமிஷம் பேசணும். பெத்தவங்க குறுக்கே பேசாம கேக்கணும். அப்புறம் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லணும். முடிச்சவங்களுக்கு முத்திரை. முடிக்காதவங்க அடுத்த மாசம் திரும்ப வரலாம்."

அடுத்த மாதம் வந்து என்ன பிரயோஜனம்? பதிவு நாளைக்கு.

மகள் தொடங்கினாள். "எனக்குச் சத்தம் பிடிக்கும்."

"ஆமா சார், சின்ன வயசுலேர்ந்தே" என்றேன்.

பயிற்சியாளர் கடிகாரத்தை நிறுத்தினார். "மறுபடியும் முதல்லேர்ந்து."

"எனக்குச் சத்தம் பிடிக்கும். வீட்ல நான் பதிவு பண்ணும்போது..."

"அதுக்குத்தானே புது ஃபோன் வாங்கிக் கொடுத்தேன்."

கடிகாரம் மறுபடியும் நின்றது. மற்ற ஜோடிகள் முடித்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. நாளைக்குப் பத்து மணி போய்விட்டது என்று அவள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எனக்குச் சத்தம் பிடிக்கும்" என்றாள் மூன்றாவது தடவையாக. "ஃபோன்ல முப்பத்தெட்டுச் சத்தம் வச்சிருக்கேன். அதுல முப்பத்தொண்ணுல அப்பா இருக்காரு. மழை பெய்யும், நடுவுல 'என்னம்மா பண்றே'ம்பாரு. கதவு திறக்கும், 'சாப்பிட்டியா'ம்பாரு. அப்பா லிஃப்ட் ஓடுற சத்தத்தைக் கேட்டே எங்க கோளாறுன்னு சொல்லிடுவாரு. அவ்வளவு நல்ல காது. அதை லிஃப்ட்டுக்குத்தான் கொடுப்பாரு. பதினொண்ணுல டிக் போட்டாரே, எனக்கு எது வேணும்னு ஒரு தடவை கேட்டிருந்தா ஒண்ணு போதும்னு சொல்லியிருப்பேன்."

நிமிஷம் முடிந்தது. பொத்திய கையை எடுத்தேன். சொல்ல எனக்கு நியாயங்கள் இருந்தன; ஏழெட்டு இருந்தன, எல்லாம் நல்ல நியாயங்கள். அவற்றை விழுங்கிவிட்டு, அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். முப்பத்தெட்டு. முப்பத்தொன்று. லிஃப்ட். ஒன்று போதும். கடைசி வரியில் குரல் கொஞ்சம் தடுக்கியது. கூடுதலாக எதுவும் சேர்க்கவில்லை என்பதால் பயிற்சியாளர் அதை விட்டுவிட்டார்.

முத்திரை விழுந்தது.

சனிக்கிழமை எட்டரைக்கே வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் பத்துப் பேர். பதினொன்றாவது பெயர் என் மகளுடையது. விண்ணப்பத்தை முத்திரை அக்கா குத்திய சத்தத்தை அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

பிறகு அக்கா என் பக்கம் ஒரு தாளைத் தள்ளினார். நான் டிக் போட்டு வைத்திருந்த நிகழ்ச்சிகளின் பட்டியல். "வரப்போறதை விட்டுட்டு மத்ததை அடிச்சுக் கொடுங்க சார். காத்திருக்கிறவங்களுக்குப் போகட்டும். முயல் இடத்துக்கு உங்க பக்கத்துல உக்காந்த அந்தப் பொண்ணு கேட்டிருக்கு."

இந்தத் தடவை ஒவ்வொன்றாகப் படித்தேன். படித்துப் படித்து அடித்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்ததும் அக்கா பார்த்தார்.

"ஒண்ணு விட்டுப்போச்சே சார்."

"விட்டுப்போகலை."

மகள் எட்டிப் பார்த்தாள். "புதன்கிழமை நடனமா? அப்பா, அங்க என் கிளாஸ் பொண்ணுங்க வருவாங்க."

"அவங்க முன்வரிசை. நான் பின்வரிசை. ஒருத்தரை ஒருத்தர் கண்டுக்கிறதில்லை."

"உங்க முட்டி சத்தம் போட்டுச்சாமே. ஸ்கூல் பூரா பேசிக்கிறாங்க."

"கொஞ்சம்."

அவள் யோசித்தாள். ஃபோனை எடுத்தாள். குனிந்து என் முட்டிக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"நாடகத்துல ஒரு பழைய கதவு திறக்கணும். மெதுவா உக்காந்து எழுந்திருங்க. ஆனா பேசக் கூடாது."

நூலகக் கவுன்ட்டருக்கு முன்னால், வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, நான் மெதுவாக உட்கார்ந்து எழுந்தேன். பத்து வருடம் எண்ணெய் காணாத கதவு திறந்தது. வலித்தது. அம்மா என்று வாய்வரை வந்தது.

வாயைத் திறக்கவில்லை.