சத்தம் வராத மருந்து

பொடி சாருக்கு அந்தப் பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மூக்குப்பொடி போடுகிற ஆசாமி என்று நினைத்துக்கொள்வீர்கள். பாவம், அந்த மனுஷருக்கு அப்படி ஒரு பழக்கமும் கிடையாது. ஒரு மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில், ஆஸ்துமாக்காரர்கள் வாயால் உறிஞ்சி இழுக்கிற மருந்துப் பொடியைச் செய்வதுதான் அவர் வேலை.

செய்வது என்றால் ஏனோதானோ வேலை இல்லை. மருந்து கண்ணுக்கே தெரியாத தூசி. தனியாக விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். அதனால் கொஞ்சம் பெரிய பால் சர்க்கரைத் துகளின் முதுகில் அதை ஏற்றிவிட வேண்டும். நோயாளி வெடுக்கென்று மூச்சை இழுக்கும்போது சர்க்கரை வாயோடு தொண்டையோடு நின்றுகொள்ள, மருந்து மட்டும் கழன்று நுரையீரலுக்குள் போக வேண்டும். இறுக்கி ஒட்டினால் கழலாது, லேசாக ஒட்டினால் வழியிலேயே கொட்டிப்போகும். இந்த ஒரு ரோதனையிலேயே அவர் தலைமுடியில் பாதி போய்விட்டது.

பொடி சரியாகப் போகிறதா என்று பார்க்கக் கூடத்தில் ஓர் இயந்திரம் உண்டு. முன்னால் வளைந்த உலோகத் தொண்டை, அதன் கீழே அடுக்கடுக்காகத் தட்டுகள், கடைசியில் காற்றை உறிஞ்சும் பம்ப். எந்தத் தட்டில் எவ்வளவு மருந்து விழுந்தது என்று பார்த்தால் பொடியின் யோக்கியதை தெரிந்துவிடும். என்ன கொடுத்தாலும் ஏதாவது ஒரு குறை சொல்லும் என்பதால் கூடத்தில் அதற்குச் 'சம்பந்தி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சம்பந்தியின் மனசு கோணாமல் பார்த்துக்கொள்வதற்குப் பொடி சார் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இவ்வளவும் எதற்காக? சம்பளத்துக்காக என்று அவரே சொல்லிக்கொள்வார். நம்பாதீர்கள். கல்யாணமான புதிதில் அவர் மாத்திரைகளுக்கு மேல்பூச்சு போடும் பிரிவில் நிம்மதியாகத்தான் இருந்தார். ஒருநாள் வீட்டுக்குச் சீக்கிரம் வந்தபோது, மனைவி சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பதையும், நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வருவதையும் பார்த்தார். சின்ன வயசிலிருந்து இருக்கிற மூச்சிரைப்பு. அவர் கவலைப்படுவாரே என்று அந்த அம்மாள் அதுவரைக்கும் மூச்சுக் காட்டாமல் மறைத்து வைத்திருந்தார். அடுத்த மாதமே பொடி சார் கையைக் காலைப் பிடித்து இந்தப் பிரிவுக்கு மாறிவிட்டார்.

மனைவி ஒன்றாம் வகுப்பு டீச்சர். வீட்டிலும் அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தாலும் டீச்சர், கொஞ்சினாலும் டீச்சர்.

கடைசியில் மருந்து தேறி, சோதனைகளெல்லாம் முடிந்து கடைக்கே வந்துவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்குகிற கருவி. அதற்குள் ஒரு கேப்ஸ்யூலைப் போட்டு, பொத்தானை அமுக்கினால் கேப்ஸ்யூலில் ஓட்டை விழும். வாயில் வைத்து வேகமாக இழுத்தால் கேப்ஸ்யூல் உள்ளே கிர்ர்ர் என்று சுழன்று பொடியை வெளியே விடும். அந்தச் சத்தம் நாகரிகமாக இல்லை, சத்தமில்லாமல் செய்தால் என்ன என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டாராம். வாயில்லாப் பூச்சியான பொடி சார் அன்றைக்கு மேஜையைத் தட்டிப் பேசினார். சத்தம் கேட்டால்தான் மருந்து உள்ளே போச்சு என்று அர்த்தம், அந்தச் சத்தம்தான் நோயாளிக்குச் சாட்சி, அதைத் தொடாதீர்கள் என்று சண்டை போட்டு ஜெயித்தார்.

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. தான் வழக்கமாகப் போகும் டாக்டரம்மாவிடம் அந்த மருந்தையே எழுதித் தரச் சொன்னார். அவரும் பார்த்துவிட்டு, ஏற்ற மருந்துதான் என்று எழுதினார். எப்படி இழுக்கணும்னு தெரியுமா என்று கேட்டதற்கு, "இதச் செஞ்சதே எங்க வீட்டுக்காரர்தாங்க" என்றார் டீச்சர். டாக்டரம்மா சிரித்துவிட்டார். அப்புறம் எதைச் சொல்லிக் கொடுக்க? மருந்துக் கடைக்காரரிடமும் இதே பெருமை, அவரும் இதே சிரிப்பு.

ஆனால் மூச்சிரைப்பு குறையவில்லை. மாதம் போகப்போக மோசமாயிற்று. வகுப்பில் ஒரு பாட்டை முழுசாகச் சொல்லிக் கொடுக்க டீச்சரால் முடியவில்லை. முதல் வரியைச் சொல்லிவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். மிச்சத்தைக் குழந்தைகளே தப்பும் தவறுமாகக் கத்தி முடிக்கும்.

ஒரு சனிக்கிழமை டாக்டரம்மாவிடம் பொடி சாரும் கூடப் போயிருந்தார். மூச்சின் வேகத்தை முள்ளால் காட்டுகிற, ஊதும் குழாயை டாக்டரம்மா நீட்டினார். டீச்சர் தம் கட்டி ஊதியும் முள் பாதிக் கோட்டைக்கூடத் தொடவில்லை. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் தினசரி மாத்திரை ஆரம்பிக்க வேண்டிவரும், அதன் பக்கவிளைவுகள் எலும்பு வரைக்கும் போகும், அதோடு தூசியும் கத்தலுமான வகுப்பறை வேலையை விட்டுவிடுவது நல்லது. வேறு கம்பெனி மருந்துக்கு மாற்றிப் பார்க்கலாமா என்றும் கேட்டார். டீச்சர் ஒரே பிடியாகத் தலையாட்டி மறுத்துவிட்டார். கட்டின புருஷன் செய்த மருந்தை விட்டுவிட்டு எவனோ செய்த மருந்தா என்கிற மாதிரி இருந்தது அந்த மறுப்பு.

வீடு திரும்பும் வழியெல்லாம் பொடி சாருக்கு ஒரே நினைப்புதான். ஊரில் யார் யாருக்கோ கேட்கிற மருந்து, யாருக்காகச் செய்தாரோ அவருக்குக் கேட்கவில்லை. இதைவிட ஒரு மனுஷனுக்கு வேறென்ன வயிற்றெரிச்சல் வேண்டும், சொல்லுங்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் அவர் சாப்பாட்டு மேஜையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. டீச்சர் எதிரில் வந்து உட்கார்ந்தார். வேலை போகப்போகிறதே என்று அழ வேண்டியவர் அவர். ஆனால் அவர்தான் இவரைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

"மருந்து மேல ஒரு குறையும் இல்லைங்க. என் உடம்புக்குத்தான் ஒத்துக்கல. நல்லா தித்திப்பா வேற இருக்கு. குழந்தைங்ககூட அடம்பிடிக்காம சாப்பிடும்."

பொடி சார் நிமிர்ந்தார்.

எவ்வளவு தித்திப்பு என்று கேட்டார். வாயெல்லாம் தித்திப்பு, நாக்கில் மாவு மாதிரி ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் குடித்துத்தான் விழுங்குவேன் என்றார் டீச்சர்.

பொடி சாருக்குப் பொறி தட்டியது. லேசான தித்திப்பு எல்லாருக்கும் இருக்கும். வாய் முழுக்கத் தித்திப்பு, மாவு மாதிரி ஒட்டுகிறது என்றால் மருந்து சர்க்கரையை விட்டுக் கழலவே இல்லை. இரண்டும் சேர்ந்து நாக்கில் உட்கார்ந்து, வயிற்றுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நுரையீரலுக்கு ஒரு துளிகூடப் போயிருக்காது.

சாயங்கால மருந்துக்கும் நேரமாகியிருந்தது. எங்கே, என் முன்னால் ஒருதரம் இழு பார்ப்போம் என்றார். டீச்சருக்கு வெட்கம். இத்தனை நாள் இல்லாத அதிசயமாக இது என்ன பரீட்சை என்று முணுமுணுத்துக்கொண்டே கருவியை எடுத்துவந்தார். கேப்ஸ்யூலைப் போட்டார், பொத்தானை அமுக்கினார். எல்லாம் சரி. வாயில் வைத்துக் கண்ணை மூடி, பூவை மோந்து பார்ப்பதுபோல மெல்ல, அவ்வளவு மெல்ல இழுத்தார்.

கிர்ர்ர் இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

பொடி சார் கருவியை வாங்கித் திறந்து கேப்ஸ்யூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாதிப் பொடி அப்படியே குந்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மேஜையைத் தட்டிச் சண்டைபோட்டு வைத்த அந்தச் சத்தத்தை அவர் சொந்த வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கவில்லையே என்று ஒருநாளும் தோன்றியதும் இல்லை.

"சத்தமே வரலியே, டீச்சர்."

"வராமத்தான் இழுப்பேன்." அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. "மொத நாள் காலையில இழுத்தப்ப கிர்ர்னு ஊரே முழிச்சுக்கிற மாதிரி சத்தம். நீங்க திடுக்குனு புரண்டு படுத்தீங்க. லேப்ல இருந்து வந்து அப்பத்தான் கண்ணு அசந்திருந்தீங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மெதுவா இழுத்துப் பழகிக்கிட்டேன். இப்பல்லாம் எனக்கே கேக்காது."

சாயங்காலத்திலும் அதே கதைதான். அந்த நேரத்தில் இவர் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு கணக்குப் போடுவார், கவனம் கலையக் கூடாதாம்.

 வேறு அறைக்குப் போய் இழுத்திருக்கலாமே என்று பொடி சார் ஏதோ கேட்டு வைத்தார்.

"எழுந்து நடந்தா மூச்சு வாங்குதுங்க. கட்டில்லயே மருந்த இழுத்துட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாத்தான் காலைக் கீழ வைக்க முடியும்."

அவ்வளவுதான். பொடி சார் உடைந்துபோனார். உலோகத் தொண்டை எப்படி மூச்சு விடுகிறது என்று வருஷக்கணக்காகக் காதைக் கொடுத்துக் கேட்ட மனுஷன், பக்கத்துத் தலையணையில் ஒருத்தி மூச்சுக்குத் தவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தெரியாமல் தூங்கியிருக்கிறான். மருந்து செய்யத் தெரிந்தது, இழுக்கச் சொல்லிக் கொடுக்கத் தோன்றவில்லை. டாக்டரம்மா சொல்லியிருப்பார் என்று இவர் நினைத்தார், இவர் சொல்லியிருப்பார் என்று டாக்டரம்மா நினைத்தார். டீச்சரோ, செய்தவரின் பெண்டாட்டியே எப்படி என்று கேட்டால் நாலு பேர் சிரிப்பார்களே என்று யாரையும் கேட்கவில்லை. இப்படிக் கோட்டை விடுவதற்கு இந்த வீட்டு ஆட்களால்தான் முடியும்.

டீச்சர் பயந்துவிட்டார். மருந்தையெல்லாம் பாழாக்கிவிட்டேனா என்று கேட்டார். இல்லை, தப்பு முழுக்க என்னுடையது, ஒரு தடவை உன் பக்கம் திரும்பிப் பார்த்திருந்தால் போதும் என்றார் அவர். 

பிறகு கேப்ஸ்யூலை மறுபடியும் கருவிக்குள் போட்டு, நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். முதலில் மூச்சை முழுக்க வெளியே விடு. உதட்டை நன்றாக மூடிக்கொள். சண்டைக்குப் போகிற மாதிரி வெடுக்கென்று இழு. அப்புறம் முடிந்தவரைக்கும் அடக்கி வை. டீச்சர் முதல் தடவை இருமினார். அடுத்த தடவை சிரிப்பு வந்து கெடுத்தது. அதற்கடுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தார்.

கிர்ர்ர்ர்.

டீச்சர் தம்மை அடக்கிக்கொண்டே கண்ணை அகல விழித்து, பக்கத்து வீட்டுச் சுவரைக் கையால் காட்டினார். கேட்கட்டும் என்றார் பொடி சார். மூச்சை விட்ட பிறகு, வாயில் தித்திப்பு லேசாகத்தான் இருக்கிறது என்று அதிசயமாகச் சொன்னார் டீச்சர்.

திங்கட்கிழமை பொடி சார் கூடத்துக்குப் போனதும் முதல் வேலையாகப் பம்பின் வேகத்தைக் குறைத்தார். என்ன சார், சம்பந்திக்கு உடம்பு சரியில்லையா என்று கிண்டல் செய்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இத்தனை நாளும் இது யாருக்கும் தொந்தரவாக இருக்குமோ என்கிற கவலையே இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது, மனுஷர்கள் அப்படி இழுக்க மாட்டார்கள் என்றார். மெல்ல இழுத்தாலும் கழன்றுகொள்கிற பொடி வேண்டும், அதைத்தான் இனிமேல் செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டார்.

அடுத்த தடவை டாக்டரம்மாவின் குழாயில் டீச்சர் ஊதியபோது பொடி சார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முள்ளைப் பார்க்கத் தைரியம் இல்லை. டாக்டரம்மா இன்னொரு தடவை ஊதச் சொன்னார். அதற்கப்புறம் மாத்திரைப் பேச்சையும் எடுக்கவில்லை, வேலையை விடுகிற பேச்சையும் எடுக்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒருதரம் இழுத்துக் காட்டுங்கள் என்று நானாவது கேட்டிருக்கணும் என்று வருத்தப்பட்டார். அன்றைக்கு வெளியே காத்திருந்த நோயாளிகள் ஒவ்வொருவரையும் இழுத்துக் காட்டச் சொன்னாராம். அறைக்குள் ஒரே கிர்ர்ர்.

டீச்சர் வகுப்பில் பாட்டை முழுசாகச் சொன்னார். தங்களைக் கத்த விடாததில் குழந்தைகளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இதற்கெல்லாம் ரொம்ப நாள் கழித்து, ஒருநாள் பொடி சார் புதுப் பொடியோடு மல்லுக்கட்டிவிட்டு நேரம் கெட்ட நேரத்தில் வந்து படுத்தார். காலையில் டீச்சர் கண் விழித்துப் பார்த்தபோது அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு நாள்தானே என்று அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பழையபடி மெல்ல இழுத்தார்.

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கேக்கலையே, டீச்சர்."

டீச்சர் திகைத்துத் திரும்பினார். பொடி சாரின் கண்கள் மூடியேதான் இருந்தன. தினமும் இந்த நேரத்துக்கு இவர் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்பது டீச்சருக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டை மூடி, வீடே அதிரும்படி ஓர் இழுப்பு இழுத்தார்.

பொடி சார் புரண்டு படுத்து, நிம்மதியாகத் தூங்கிப்போனார்.