பவளத்துக்கு மூன்று டப்பாக்கள்

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அந்த வாக்கியமும் என்னுடையதல்ல. போஹும் என்ற ஜெர்மன் நகரில் டிராம் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் கடல்மீன் வளர்ப்புக் கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்தேன். டப்பாக்கள் அடுக்கிய தட்டுக்கு முன்னால் ஐம்பதைத் தாண்டிய கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். அவள் கேட்டாள்: "ஆறு வாரத்துக்கு எதுக்குய்யா இவ்ளோ பெரிசு?"

அவன் பதில் என் காதில் விழுவதற்குள் டிராம் வந்தது, ஏறிவிட்டேன். கீழே வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. பெயர்களும்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கெசீனாவின் கணவனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த அன்று—"

அடித்துவிட்டேன். நோயில் தொடங்கினால் நீங்கள் கைக்குட்டையோடு உட்கார்ந்துவிடுவீர்கள். பிறகு டப்பாவை யார் பார்ப்பது?

அடுத்தது: "கடலுக்கு வெகுதூரத்தில், மூன்றாம் மாடியில், ஒரு சிறிய கடல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது." இது அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. (எறிய மனமில்லை. இங்கேயே கிடக்கட்டும்.)

கடைசியில் இப்படி: "கெசீனாவுக்கு அந்தத் தொட்டியைப் பிடிக்காது."

3

கெசீனாவுக்கு அந்தத் தொட்டியைப் பிடிக்காது. கடல்நீர் நிரப்பிய அது கூடத்தின் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. விடுமுறைக்கு அவர்கள் எங்கும் போகாததற்கும் அதுதான் காரணம். "உன் மூத்தவளுக்குச் சோறு போட்டாச்சா?" என்று தொட்டியைக் காட்டிக் காலையில் கேட்பாள். "அவளாச்சும் பதிலுக்குப் பேச மாட்டா" என்பான் ஹோல்கர்.

தொட்டியில் வளர்வது உயிருள்ள பவளம்; வளர வளர அது தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது எடுத்ததை யாராவது திருப்பித் தர வேண்டும். அதற்காக மூன்று கரைசல்கள்: கால்சியம், சோடா உப்பு, மெக்னீசியம். சேர்த்து வைத்தால் உறைந்து வெள்ளையாகிவிடும் என்பதால் மூன்றும் தனித்தனியே இருக்க வேண்டும். தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பம்பு அவற்றைக் குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாக மேலே அனுப்பும்.* இதுவரை ஹோல்கர் காலியான பழச்சாறு பாட்டில்களையே வைத்திருந்தான். தீரத் தீர நிரப்ப அவன் வீட்டில் இருந்தானே.

அடுத்த வாரம் அவன் மருத்துவமனைக்குப் போகிறான். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை. ஆறு வாரம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். அதனால்தான் சனிக்கிழமை இருவரும் டப்பா வாங்க வந்திருக்கிறார்கள்.

* இந்த விவரங்களைச் சுருக்கச் சொன்னான் என் நண்பன். சுருக்கிப் பார்த்தேன். ஹோல்கரும் சேர்ந்து சுருங்கிவிட்டான்.

4

ஹோல்கரை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதல் எழுத்துப் படியில் அவன் நல்லவனாக மட்டுமே இருந்தான். எனவே இந்தப் படியில் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்க்கிறான், மூட்டுகளில் பிசின் ஒழுங்காக ஒட்டவில்லை என்று முணுமுணுக்கிறான், கடைக்காரியின் பொறுமையைச் சோதிக்கிறான்.

"இதப் பாரு கெசீ. பத்து லிட்டர். கெட்டி அக்ரிலிக். பக்கத்துல அளவுக்கோடு போட்டிருக்கான்."

"நம்ம அலமாரிக்குள்ள போகுமா?"

"நடுப்பலகையக் கழட்டினா போகும்."

"கதவையும் கழட்டிடு. நான் உள்ளயே குடித்தனம் பண்ணிக்கிறேன்."

அவன் சிரித்தான். அவள் ரெண்டரை லிட்டர் டப்பாவை எடுத்தாள். "இது போதுமே. ஒரு மாசம் வரும்னு நீதான சொன்ன?"

"மாசாமாசம் நீ ஊத்திட்டுக் கிடக்கணும்."

"ஊத்துறேன். பால்கனிச் செடிக்கு யாரு ஊத்துறா? உன் மூத்தவளா?"

"செடிக்கு ஊத்துற மாதிரி இல்ல. உப்ப நிறுத்துக் கலக்கணும். மூணும் மூணு மாதிரி. நானே மொத்தமா கலந்து நிரப்பிட்டுப் போயிடுறேன். குளிர்காலம் முடியிற வரைக்கும் நீ குனிஞ்சுகூடப் பாக்க வேண்டாம்."

"ஆறு வாரத்துக்கு எதுக்குய்யா இவ்ளோ பெரிசு?"

அவன் மூடியைத் திருகினான்.

"வீட்டுக்கு வந்தாலும் நான் தொட்டியத் தொடக் கூடாதுன்னிருக்காங்க. கிருமி."

"தொடாத. நான் தொடுறேன். கலக்கறப்ப உனக்குப் போன் போடுறேன். நீ படுத்துக்கிட்டே சொல்லு, நான் கலக்குறேன்."

இதுவரை எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. இதற்கு மூடியை மறுபடி கழற்றி மோந்து பார்த்தான்.

(இங்கே ஒரு வாக்கியம் இருந்தது: "கெசீ, டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு—" எடுத்துவிட்டேன். அவன் சொல்ல மாட்டான். சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு போன் எடுப்பதாகக்கூட அவனால் வாக்குக் கொடுக்க முடியவில்லை என்பதை அவள் பார்த்துவிட்டாள்.)

5

கெசீனா பெரிய டப்பாவின் அளவுக்கோடுகளைப் பார்த்தாள். அவன் கையால் கலந்தது, அவன் இல்லாத வீட்டில், கோடு கோடாக இறங்கும். பம்பு உறுமும் ஒவ்வொரு முறையும் அவன் விட்டுப்போனதில் கொஞ்சம் குறையும்.

"பெரிசு வேண்டாம்."

"ஏன்?"

"அது தீர்றத என்னால பாக்க முடியாது."

"சின்னது சீக்கிரமே தீந்துடுமே."

"தீரட்டும். நீ சொல்லச் சொல்ல நான் ஊத்துவேன்."

"நான் சொல்லலன்னா?" ஹோல்கர் மெதுவாகக் கேட்டான்.

"தப்பாக் கலப்பேன். உன் மூத்தவ செத்துப்போவா. பரவாயில்லையா?"

"பரவாயில்லன்னு சொல்ல வாய் வரல."

"பாத்தியா? அவளுக்காகத்தான் பெரிசு கேக்குற."

அது உண்மையல்ல என்று இருவருக்கும் தெரியும். ஹோல்கர் பக்கத்தையும் நான் சொல்லிவிடுகிறேன், அவன் சொல்லப்போவதில்லை. தன்னை அடக்கம் செய்யும் வாரத்தில் கெசீனா சமையலறைத் தராசில் உப்பு நிறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அதற்காகத்தான் பத்து லிட்டர்.

6

ஒரு முடிவு: பெரியதை வாங்குகிறார்கள். பனி உருகும் காலத்தில் ஹோல்கர் முகக்கவசத்தோடு வீடு வருகிறான். பாதி எடைதான் இருக்கிறான். தொட்டிக்குப் பக்கத்தில் விடமாட்டேன் என்கிறாள் கெசீனா. தூரத்திலிருந்தே அலமாரியைப் பார்த்து, "இன்னும் மிச்சம் இருக்கு பாரு, எப்படிக் கணக்குப் போட்டேன்!" என்று பெருமையடிக்கிறான். இதை எழுதியபோது எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதனால் இது எனக்காக எழுதியது என்று தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று: சிறியதை வாங்குகிறார்கள். சோடா தீர்ந்த அன்று கெசீனா மேசையில் தராசையும் உப்பையும் பரப்பிவிட்டுப் போன் போடுகிறாள். மணி அடிக்கிறது. அவள் கரண்டியைப் பிடித்தபடி காத்திருக்கிறாள். மறுமுனையில்

இதற்கு மேல் பல நாள் முயன்றும் ஒரு சொல்கூட வரவில்லை.

ஆகவே அவர்களைக் கடையிலேயே விட்டுவைத்திருக்கிறேன். கடைக்காரி வெளிப்பலகையை உள்ளே இழுத்துப் போடுகிறாள். "முடிவு பண்ணிட்டீங்களா?" என்கிறாள். இருவரும் திரும்பி உங்களைப் பார்க்கிறார்கள்.

எது வேண்டுமானாலும் எடுங்கள். ஆனால் சிறியதை எடுத்தால், அந்தப் போனை எடுக்கும் ஆளையும் நீங்களே எழுதித் தர வேண்டும்.