வெளுத்த பனியன்

பலராமன் கேனை நிரப்பிவிட்டார் என்று கேட்டதும் கமலவேணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வயலில் மருந்தடிப்பவர்கள் ஒவ்வொருவராக அவளுடைய ஆய்விலிருந்து கழன்றுகொண்டதில் அவர் ஒருவர்தான் மிச்சம். ஒரு நாள் பெய்யும் மூத்திரத்தைச் சொட்டு விடாமல் பிடித்துக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? பலராமன் கேனைத் துணிப்பையில் போட்டு வயலுக்கே தூக்கிப்போனார். வரப்பில் கூட வேலை செய்யும் கோவிந்தராசு விடவில்லை.

"என்னா மாமா, சாராயக்கடைய தோள்லயே தூக்கிக்கினு வந்துட்ட?"

"உனக்கும் ஒரு கிளாஸ் ஊத்தட்டா?"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று, ஐப்பசி மாதம். மழை பிடிப்பதற்குள் இதுதான் கடைசி அடிப்பு. பூச்சிமருந்து தோல் வழியாக எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்று அளப்பது கமலவேணியின் வேலை. மேலே விழுந்ததைப் பனியன் சொல்லும். உள்ளே போய் வெளியே வந்ததைக் கேன் சொல்லும். ஒன்றில்லாமல் மற்றது உதவாது. பரிசோதனைக்கூடத்திலிருந்து புது வெள்ளைப் பனியன் கொடுத்து, அடித்து முடித்ததும் கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைக்கும்படி பலராமனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

மருந்தடித்த சாயங்காலங்களில் அவருக்குச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும் கை நடுங்கியது. நிலத்துக்காரரிடம் கையுறை கேட்டுப் பார்த்தாள். "சோப்பு போட்டா போவுற மருந்துக்கு அதெல்லாம் எதுக்கும்மா?" என்று சிரித்தார். கணக்கைக் காட்டினால்தான் அந்த வாய் அடையும்.

காலையில் ரெட்டியார்பாளையம் வீட்டுக்குப் போனாள். பலராமனின் மனைவி வேம்பு கொல்லையிலிருந்து கேனைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு பனியனைக் கொண்டுவந்தாள். மடித்து, நீலம் போட்டு, பளீரென்று.

"அக்கா, இத துவைச்சிட்டீங்களா?"

"பின்ன? அடுத்தவங்க துணிய அழுக்கோடயா திருப்பிக் குடுப்பாங்க? ஊற வெச்சு நல்லா கும்மிட்டேன், டாக்டரம்மா."

"சுத்திதான் வெச்சேன்," என்றார் பலராமன் தலையைக் குனிந்து. "நான் குளிக்கப் போன நேரத்துல எடுத்துட்டா."

"துவைக்கக் கூடாதுன்னு சொன்னேனே!"

"அவர்கிட்டதான சொன்ன? துவைக்கிறவ நானு. எங்கிட்டயா சொன்ன?"

கமலவேணி பனியனைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அந்தத் தண்ணி?"

"கருவேப்பில செடிக்கு ஊத்திட்டேன்."

பனியனை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான். கேன் பக்கத்தில் கனமாக நின்றது. இனி அது வெறும் மூத்திரம். அடுத்த போகத்தில் பார்க்கலாம் என்பார் பரிசோதனைக்கூடத் தலைவர். அடுத்த போகத்துக்கு இன்னொரு பலராமனை எங்கே பிடிப்பது?

எழுந்தபோது வேம்புவின் விரல்கள் கண்ணில் பட்டன. நுனியெல்லாம் தோல் உரிந்து வெளுத்திருந்தது.

"கையில என்ன அக்கா?"

"அவரு மருந்தடிச்ச துணிய துவைச்சா இப்படித்தான். எரியும். தேங்கா எண்ண தடவுனா போயிடும்."

கமலவேணி நின்றாள். இந்தக் கைகள் அவளுடைய எந்தக் கணக்கிலும் இல்லை. பையிலிருந்து ஒரு காலிக் கேனை எடுத்து நீட்டினாள்.

"நாளைக் காலை வரைக்கும் நீங்க இதுல பிடிச்சு வைங்க."

"அய்ய! நான் எங்க மருந்தடிச்சேன்?"

"வாங்குடி," என்றார் பலராமன். அன்று காலையில் முதல்முறையாகச் சிரித்தார். "நான் ஊர் பாக்க தூக்கினு திரிஞ்சேன். உனக்கு வூட்டுக்குள்ளதான."

செத்த எலியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் வாங்கிக்கொண்டாள் வேம்பு. எவ்வளவு மேலே பட்டது என்று தெரியாத இன்னொரு கேன். இதை வைத்து நிலத்துக்காரர் வாயை அடைக்க முடியாது. கமலவேணிக்கு அது தெரிந்தேயிருந்தது. தெருமுனை வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அக்கா, உங்ககிட்டயே சொல்றேன். கேனைக் கழுவாதீங்க. வெளியில சிந்தினாலும் கழுவாதீங்க. மூடி போட்டு அப்படியே வைங்க."

"நாறுமேம்மா."

"நாறட்டும்."