கணேஸ்வரன் இருந்துவிட்டுப் போனது

கணேஸ்வரன் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கொல்லப்பட்டார். திங்கள்வரை அறை எடுத்திருந்ததால், இருந்துவிட்டே போவதாகச் சொல்லிவிட்டார்.

கோலா குபு பாரு ஊருக்கு மேலே, மலையாற்றங்கரையில் நாலே அறை கொண்ட தூண்டில் விடுதி அது. இரையாகப் புழு, மாவு எதுவும் கூடாது. இறகில் கட்டிய பொய்ப்பூச்சியை வீசித்தான் கெலா மீன் பிடிக்க வேண்டும். பிடித்ததை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். பெர்னாட் அங்கே பதினொரு வருடமாக வழிகாட்டி. அவர் மனைவி பியாட்ரிஸ் சமையல். சுங்கை பஞ்சாங்கில் நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டிய கணேஸ்வரன், தம்பி குகனோடு வந்திருந்தார். குகனுக்கு நாற்பது வயது. சின்ன வயதிலிருந்தே அண்ணனிடம் அடி வாங்காத வாரம் அவனுக்குக் கிடையாது. அன்று அவன் வீசிய தூண்டில் கயிறு மரக்கிளையில் மாட்டியது. “கையாடா அது, மாடு?” என்று கணேஸ்வரன் தூண்டில் கம்பாலேயே அவன் முகத்தில் விளாசினார். உதடு கிழிந்தது. குகன் குனிந்து ஓர் ஆற்றுக்கல்லை எடுத்து அண்ணன் மண்டையில் அடித்தான். அவர் மண்டியிட்டார். மறுபடி அடித்தான். எலும்பு உடைந்த சத்தம் தண்ணீர் இரைச்சலையும் மீறிக் கேட்டது. மூன்றாவது முறையும் அடித்தான். இருபது அடி தள்ளி, இடுப்பளவு நீரில், பெர்னாட் நின்றுகொண்டிருந்தார்.

கால் மணி நேரம் கழித்துக் கணேஸ்வரன் எழுந்து விடுதிக்கு நடந்துபோய், பாலில்லாத தே ஓ கேட்டார். பியாட்ரிஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி இல்லை. “செத்துட்டாருங்க,” என்று கணவனிடம் சொல்லிவிட்டு, “சீனி போடவா அண்ணே?” என்றாள். ஈ மொய்க்காமலிருக்க மண்டையில் ஒரு துண்டைக் கட்டிவிட்டாள். பெர்னாட் விடுதி முதலாளிக்குப் போன் செய்தார். விருந்தாளி புகார் எதுவும் சொல்லாவிட்டால் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி.

குகன் மலைச்சாலைவரை ஓடினான், திரும்பி வந்தான். அண்ணன் பேசுவதைக் கேட்கப் பொறுக்காமல் ஞாயிறு காலை பாராங் கத்தியால் அவர் கழுத்தில் வெட்டினான். கணேஸ்வரன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பசியாறினார். அன்று அவருக்கு ஆறு கெலா சிக்கின. நாடி ஓடாத கையில் தூண்டில் கயிறு நடுங்குவதில்லை. மீன்களுக்குச் சந்தேகம் வரவில்லை. கடைசி மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டுச் சொன்னார்: “மொத அடிக்கும் மூணாவது அடிக்கும் நடுவுல நேரம் இருந்துச்சு, பெர்னாட்.”

“காலு நகரலங்க,” என்றார் பெர்னாட்.

“பயமா?”

பெர்னாட் ஈரமான பொய்ப்பூச்சியைக் கழற்றினார். “அதில்லங்க. அவன் வாங்கின அடியை நானும்தான் பார்த்தேன்.”

கணேஸ்வரன் கயிற்றைச் சுற்றிக்கொண்டு கரையேறினார்.

திங்கட்கிழமை, பைகளை வண்டியில் ஏற்றும்போது, குகன் மறுபடியும் கல்லோடு அண்ணனை நோக்கி வந்தான். இந்த முறை பெர்னாட்டின் கால் நகர்ந்தது. கல் அவர் முன்னங்கையில் விழுந்து எலும்பை முறித்தது. முறிந்த கையோடே அவனைச் சேற்றில் தள்ளி மேலே ஏறி அமுக்கினார்.

“சாவவே மாட்டேங்கிறான் அண்ணே!” என்று குகன் பெர்னாட்டிடம் கத்தினான்.

“செத்துட்டாருடா. சனிக்கிழமையே செத்துட்டாரு. போதும் லா.”

அதன் பிறகுதான் குகன் அழுதான். அழுகை அடங்க நெடுநேரம் ஆயிற்று.

பெர்னாட்டால் கையைத் தூக்க முடியவில்லை, குகனிடம் சாவியைக் கொடுக்க முடியாது. ஆகவே கணேஸ்வரனே காரை ஓட்டிக்கொண்டு கோலா குபு பாரு போலீஸ் நிலையத்துக்கு இறங்கினார். இறந்த நேரத்தை அவரே சொன்னார். கம்பால் அடித்தது தான்தான் என்பதையும், சின்ன வயதிலிருந்து அடித்ததையும் விடாமல் சொன்னார். போலீஸ்காரர் இரண்டாவது தாள் எடுத்தார். குகன் கையை நீட்டினான். விலங்கு மாட்டும்போது அண்ணன் அவன் சட்டையிலிருந்த சேற்றைத் தட்டிவிட்டார். தட்டுவதற்கு அவர் கை உயர்ந்ததும் பழக்கத்தில் குகன் முகத்தை மூடிக்கொண்டான்.

புதன்கிழமை சுங்கை பஞ்சாங்கில் தகனம். வாய்க்கால் பாலம் ஒன்றை மராமத்துக்காக அடைத்திருந்தார்கள். கணேஸ்வரன் சவ வேனின் முன்னிருக்கையில் உட்கார்ந்து, வயலைச் சுற்றிப் போகும் வழியை ஓட்டுநருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.