பால் டின்னுக்குள் படிந்த கரி

"ரெண்டு மாசமா பொத்திப் பொத்தி வச்சிருந்த மை! டப்பாவ வழிச்சுக் காலி பண்ணிருக்கீங்க. காட்டுப்பன்னிக்குக் கண்ணெழுதவா எடுத்தீங்க?"

"பன்னிக்கு இல்ல சந்திரா, டின்னுக்கு."

"டின்னுக்கா! கட்டின பொண்டாட்டிக்கு ஒரு பொட்டு மிச்சம் வைக்கல, டின்னுக்கு மை!"

பஃபலோ ரோட்டுக் கடைவீட்டு மாடிப்படியில் பாதி ஏறியிருந்த எட்மண்ட் அங்கேயே நின்றுவிட்டான். ஏறவும் தைரியமில்லை, இறங்கவும் மனமில்லை. அன்று சனிக்கிழமை. ரொட்டிக் கம்பெனி வேனைக் கேட்டு வாங்கி வந்திருந்தான். மேலே திட்டு வாங்கிக்கொண்டிருந்த சிநேகிதர் வேலாயுதத்தைக் கூட்டிக்கொண்டு இருட்டுவதற்குள் ஊருக்கு வெளியே புக்கிட் பாஞ்சாங் போயாக வேண்டும்.

அங்கே வேலாயுதத்தின் மனைவி சந்திரமதியின் அக்கா கண்மணி போட்ட மரவள்ளித் தோட்டத்தில் பாதியை ஒரு காட்டுப்பன்றி தோண்டித் தின்றுவிட்டது. மூன்று சனிக்கிழமை காவல் இருந்தார்கள். லைசென்ஸ் துப்பாக்கி எட்மண்டுடையது. பக்கத்தில் நின்று ஐந்து பேட்டரி டார்ச்சைப் பிடிப்பது வேலாயுதம். வெள்ளை வெளிச்சம் பட்டால் பன்றி ஓடிவிடும் என்று டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டினார்கள். அப்படியும் மூன்று தடவையும் பன்றி தலையைத் தூக்கி, இவர்களை நேராகப் பார்த்துவிட்டுத்தான் ஓடியது. "இந்த வாரமும் தப்பிச்சா மிச்சக் கிழங்க இளசிலயே பிடுங்கிட்டு, கொட்டகையப் பூட்டிட்டு வந்துடறேன்" என்று கண்மணி சொல்லிவிட்டாள். நான்கு வருஷமாகத் தனியாக நின்று திருத்திய நிலம் அது.

எட்மண்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேலே போனான்.

"வாங்க தம்பி, நீங்களே கேளுங்க" என்றாள் சந்திரமதி. "உங்க அண்ணன் செஞ்சிருக்கற காரியத்த."

வேலாயுதம் பஸ் பட்டறையில் ஒயர்மேன். வெளிச்சம் பக்கவாட்டில் சிதறுகிறது என்று அவருக்குத் தோன்றியிருந்தது. பால் டின்னின் இரண்டு மூடியையும் வெட்டி எடுத்து, டார்ச் முகத்தில் குழாய் மாதிரி மாட்டியிருந்தார். உள்ளே பட்டறைக் கறுப்புப் பெயின்ட் அடித்தார். அது மின்னியது. அதன்மேல் மனைவியின் கண்மையைப் பூசினார்.

"ஜன்னலச் சாத்து. டிரை பண்ணிப் பாக்கலாம் லா" என்றார் வேலாயுதம். "சந்திரா, நீ அந்த மூலையில போய் நில்லு."

"இப்ப நான்தான் பன்னியா?"

"ஒரு நிமிஷம்தாம்மா."

முனகிக்கொண்டே போய் நின்றாள். எட்மண்ட் குடையைத் துப்பாக்கி மாதிரி தோளில் வைத்துக்கொண்டான். டார்ச் எரிந்தது.

சந்திரமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தம்பி, உங்க மூக்குக்கண்ணாடி ரெண்டும் செக்கச்செவேல்னு எரியுது! இந்த மூஞ்சியப் பாத்தா பன்னி என்ன, நானே ஓடிருவேன்."

எட்மண்டுக்குச் சுருக்கென்றது. மூன்று வாரமாகப் பன்றி பார்த்தது தன் முகத்தைத்தானா? சத்தம் காட்டிவிட்டோம் என்றல்லவா தன்னையே திட்டிக்கொண்டிருந்தான்.

அவள் டின்னைக் கழற்றி உள்ளே பார்த்தாள். "மின்னாம என்ன செய்யும்? வெளக்கெண்ண விட்டுக் குழைச்ச மை இது. கண்ணுல பளபளன்னு இருக்கணும்னுதானே எண்ணெயே விடறோம். உங்களுக்கு வேண்டியது எண்ண விடறதுக்கு முன்னாடி, வெளக்குக்கு மேல கவுத்த தட்டுல படியிற கரி."

வேலாயுதம் குனிந்து டின்னுக்குள் பார்த்தார். பத்து வருஷமாக அவள் மை கூட்டுவதைப் பார்த்தவர்தான். ஆனால் டப்பாவைத்தான் பார்த்திருக்கிறார், தட்டை இல்லை.

அவள் டின்னைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாள். அகல் விளக்கை ஏற்றி, டின்னைத் துணியால் பிடித்துச் சுடருக்கு மேலே மெல்லச் சுற்றினாள். உள்ளே கரி வெல்வெட் மாதிரி படிந்தது. கண்ணாடித்தாளின் ஓரத்திலும் நூலாக வெள்ளை வெளிச்சம் கசிவதைக் காட்டினாள். வேலாயுதம் பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி இறுக்கமாக மாட்டினார். மறுபடி டார்ச் எரிந்தபோது எதிர்ச் சுவரில் வட்டமாகச் சிவப்பு விழுந்தது. எட்மண்டின் முகம் தெரியவில்லை.

"உள்ள விரல் வைக்காதீங்க, தொட்டா போயிடும்" என்றாள்.

எட்மண்ட் அதற்குள் தொட்டுவிட்டு, அதே விரலால் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தான். கன்னத்தில் ஒரு கரும்பொட்டு.

"நல்லதுதான், கண்ணுபடாது" என்று அவள் டின்னில் அவன் விரல் பட்ட இடத்துக்கு மட்டும் திரும்பக் கரி பிடித்துக் கொடுத்தாள்.

புக்கிட் தீமா ரோட்டின் மேடுபள்ளத்தில் வேலாயுதம் அந்த டின்னைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். "மெதுவா ஓட்டுடா, மெதுவா!"

பதினோரு மணிக்கு மரவள்ளிச் செடி அசைந்தது. சிவப்பு வட்டம் போய்ப் பன்றியின் தோளில் நின்றது. எட்மண்ட் மூச்சைப் பிடித்தான். வழக்கமாக இந்த நேரத்தில்தான் அது தலையைத் தூக்கும். இன்று தூக்கவில்லை. சப்புச் சப்பென்று கிழங்கைத் தின்றுகொண்டே இருந்தது. ஒரே வெடி. விழுந்துவிட்டது.

கொட்டகையிலிருந்து ஓடிவந்த கண்மணி பன்றியைப் பார்த்தாள், பிறகு எட்மண்டைப் பார்த்தாள். "என்ன தம்பி, கன்னத்துல யாரு பொட்டு வச்சா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் அவள் கிழங்கைப் பிடுங்கவில்லை. செடிகளுக்கு மண்தான் அணைத்தாள்.

மாதா கோயில் காலைப் பூசைக்குப் போகும் வழியில் வேலாயுதத்தை இறக்கிவிட்டு, டார்ச்சைக் கொடுக்க எட்மண்ட் மாடிக்குப் போனான். சந்திரமதி தூங்கிக்கொண்டிருந்தாள். வேலாயுதம் சட்டைகூட மாற்றாமல் அகலை ஏற்றி, தட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, இதுக்கு எண்ணெய் விடணும். மறந்துடாதீங்க."

"தெரியும்டா. கத்தாத, எழுந்துடுவா."

கரி அந்த டின்னில் பல வேட்டைக்குத் தாங்கியது, யாரும் தொடாதவரை. கண்ணாடித்தாள்தான் டார்ச் சூட்டில் ஒரே மாதத்தில் வெளுத்துப்போனது. அதற்கு மட்டும் அவர்கள் கடைசிவரை வழி கண்டுபிடிக்கவில்லை. அந்த நாளில் உங்கள் வீட்டில் யாராவது இப்படி டார்ச் கட்டி வேட்டைக்குப் போயிருந்தால், சிவப்புக்கு எதைக் கட்டினார்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.