நாலாம் மாதத்துப் பல்

பாண்டீஸ்வரன் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பால் பாக்கெட்டைக் கழுவினான். இன்று அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து, பாக்கெட்டை வாளித் தண்ணீரில் போட்டான். அபிதாவை எழுப்பிப் பின்பக்கக் குழாயடியில் உட்கார வைத்தான். பிரஷ்ஷில் பட்டாணி அளவு பேஸ்ட் பிதுக்கினான். மேல்வரிசைக்கு முப்பது, கீழ்வரிசைக்கு முப்பது என்று எண்ணித் தேய்த்துவிட்டான். எண்ணிக்கை ஹேமாவதியுடையது.

ஹேமாவதி முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். காய்ச்சல் என்று ஆறு நாள் மதுரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நேற்று அபிதா தூங்கிய பிறகுதான் ஊருக்கு, தேவாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். எழுப்பும்போதே மகளிடம் சொல்லிவிட்டான். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

கீழ்வரிசையில் நடுப்பல் ஒன்று ஆடியது. அதைச் சுற்றிக்கொண்டு தேய்த்தான்.

"தொட்ராதப்பா" என்றாள் நுரையோடு. "அம்மாதான் எடுக்கும். சொல்லிருக்கு."

ஹேமாவதி போடியில் பல் டாக்டர் ஜெபராஜிடம் உதவியாளராக வேலை பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அபிதாவின் வாயை எக்ஸ்ரே எடுத்து, படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சின்னப் பற்களுக்கு அடியில், எலும்புக்குள், பெரிய பற்கள் இன்னொரு வரிசையாக நின்றன. சில நேராக, சில சாய்ந்து. அவன் விலங்கியல் படித்தவன். பரீட்சையில் எழுதியதுதான். ஆனாலும் மகளின் முகத்துக்குள் அதைப் பார்த்தபோது எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"இதெல்லாம் எப்ப வந்துச்சு?"

"பெருசெல்லாம் அப்புறம். பால்பல்லு நாலாம் மாசமே ஊற ஆரம்பிச்சிரும், வயித்துக்குள்ள. பொண்ணா பையனான்னே நமக்குத் தெரியாது. இங்கன பல்லு ரெடியாகிக்கிட்டு இருந்திருக்கு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள்.

அபிதா பெட்டியருகே வந்து நின்றாள். அம்மாவின் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

"அம்மாவுக்குப் பல்வலியா?"

சுருளியம்மாள் அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாண்டீஸ்வரனைப் பார்த்தாள்.

"ஏப்பா, புள்ள கடைசியா என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல அத்தை."

வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். மாலையோடு வந்த ஜெபராஜும் கேட்டார். எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னான். டாக்டரைப் பார்த்ததும் அபிதா பழக்கத்தில் வாயைத் திறந்து காட்டினாள். அவரும் பழக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டார்.

"இன்னிக்கு விழுந்துரும்" என்றார். பிறகு எங்கே நிற்கிறோம் என்பது உறைத்து, செருப்பைத் தேடிப் போனார்.

பத்து மணிக்கு எதிர்வீட்டிலிருந்து டீயும் பன்னும் வந்தன. இரண்டாவது கடியில் பல் பன்னோடு வந்துவிட்டது. அபிதா அழவில்லை. பன்னில் பட்ட ரத்தத்தைப் பார்த்தாள். பல்லை எடுத்துப் பாவாடையில் துடைத்து, உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

பாண்டீஸ்வரனின் அக்கா மாரீஸ்வரி கையை நீட்டினாள். "குடு ஆத்தா. சாணியில உருட்டி ஓட்டு மேல போட்டாத்தான் பல்லு நல்லா முளைக்கும்."

"எழவு வீட்டுல என்னடி சாணியும் ஓடும்?" என்றாள் சுருளியம்மாள். "குப்பையில போட்டுட்டு வேலையப் பாரு."

"அம்மாட்ட குடுக்கணும்" என்றாள் அபிதா.

"அம்மா எங்கத்தா வாங்கப் போகுது? குடு இங்கன." மாரீஸ்வரி ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பார்த்தாள். அபிதா கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"விடுக்கா" என்றான்.

"முளைக்கலைன்னா அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காத."

"முளைக்கும். அடியில நிக்குது."

இரண்டு மணிக்கு வாய்க்கரிசி. பெண்கள் வரிசையாகச் சுற்றி வந்து போட்டார்கள். அபிதாவை அவன் இடுப்பில் தூக்கிக்கொண்டான். வலது கையால் மூன்று முறை அரிசி போட்டாள். பிறகு இடது கையைத் திறந்தாள். இடது கையால் போடக் கூடாது என்று சொல்ல யாரோ வாயெடுப்பதற்குள் கை திரும்பி வந்துவிட்டது. கண்ணீரோடு நின்றவர்களுக்கு அரிசிதான் தெரிந்திருக்கும். பாண்டீஸ்வரன் பார்த்தான். மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு நகர்ந்தான்.

சுடுகாட்டில் மேற்கு மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. முகத்தை மூடுவதற்கு முன்னால் கடைசியாகப் பார்க்கச் சொன்னார்கள். குனிந்தான். வந்த வழியில் அரிசி பெரும்பாலும் உதிர்ந்துபோயிருந்தது. பல் உதிரவில்லை. உதட்டோரம், துணி மடிப்பை ஒட்டி, அங்கேயே இருந்தது. வேர் இல்லாத, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய, வெள்ளையான ஒன்று. எந்த உடம்புக்குள் ஊறியதோ அந்த உடம்பின் மேல். ஆறு வருஷம் இட்லியும் ஆப்பிளும் கடித்துவிட்டு வந்திருந்தது.

விறகு அடுக்கிய சின்னக்கருப்பு எட்டிப் பார்த்தார். "என்னமோ கெடக்கு தம்பி. தட்டி விட்டுறவா?"

"இருக்கட்டும்ணே."

அவன் கைகள் தாமாகக் குவிந்தன. கோயிலில்கூட அவன் அப்படி நின்றதில்லை.

குளித்துவிட்டு ஈரத்துணியோடு வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அபிதா குழாயடியில் தனியாக உட்கார்ந்து இடைவெளிக்குள் நாக்கை விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மா வாங்கிருச்சா?"

"வாங்கிருச்சு."

அவள் வாயைத் திறந்து காட்டினாள். குனிந்து பார்த்தான். சிவந்த ஈறுக்குள், ஊசிமுனையளவு, வெள்ளையாக ஒரு கோடு. விரலால் தொட்டுப் பார்த்தான். கூர்மையாக இருந்தது.

மதுரையில் கடைசி நாள் உள்ளே போய்ப் பார்க்க ஐந்து நிமிஷம் விட்டார்கள். ஹேமாவதி மாஸ்க்கை ஒரு பக்கம் விலக்கினாள். அவள் சொன்னதை அவன் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அபிதாவிடமும்.

"பாப்பாவுக்குப் பல்லு விழுந்தா மதினி ஓட்டு மேல போட்டுருவாக. விடாதீக. எனக்கு வேணும்."